பதிவு தேவையில்லாத மின் ஸ்கூட்டரா, பதிவெண் உள்ள மொபெட்டா?

வீட்டுக்கு ஒரு சிறிய வண்டி வாங்க முடிவு செய்தபோது எங்கள் முன் இரண்டு இருந்தன: மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் ஓடும், உரிமமோ பதிவெண்ணோ கேட்காத மின் ஸ்கூட்டர் ஒன்று, 100 சிசி பெட்ரோல் மொபெட் மற்றொன்று. மொபெட்டைத்தான் வாங்கினோம். மைலேஜும் சுமை ஏற்றும் வசதியும் எல்லோரும் அறிந்தவை. ஆகவே, சாலையில் இறங்கச் சட்டம் எவற்றைக் கேட்கிறது என்பதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

மின் ஸ்கூட்டரின் பக்கத்து வாதம் சுருக்கமானது. மோட்டாரின் திறன் 0.25 கிலோவாட்டுக்கும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவு என்று அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனம் சான்றளித்திருந்தால், மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது மோட்டார் வாகனமாகவே கருதப்படாது. அதனால் உரிமம், பதிவு, காப்பீடு எதுவும் கட்டாயமில்லை. தலைக்கவசம்கூடச் சட்டப்படி கட்டாயமில்லை. விழுந்தால் தலைக்கு அந்த விலக்கு தெரியாது என்பது வேறு. நான் விசாரித்த ஒரு கடையில் அந்தச் சான்றிதழைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் நாற்பதில் போகலாம் என்று மட்டும் ஆசை காட்டினார்கள். அதை எடுத்துவிட்டால் விலக்கும் போய்விடும். பதிவு செய்யாத மோட்டார் வாகனத்தை ஓட்டிய குற்றம் வந்து சேரும்.

மொபெட்டில் முதல் தடை வயது. கியர் இல்லாத வண்டியைப் பதினாறு வயதில் ஓட்டலாம் என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு அந்தச் சலுகையை 50 சிசிக்கு மேற்படாத வண்டிகளுக்கே தருகிறது. டிவிஎஸ் 50 தெருவெங்கும் ஓடிய காலத்தில் அதற்குப் பொருள் இருந்தது. இன்றைய டிவிஎஸ் எக்ஸ்எல் 100 மொபெட்டின் எஞ்சின் 99.7 சிசி என்பதால், பதினெட்டு நிறையாதவர் அதைத் தொடக் கூடாது. மீறினால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுகள் வரை சிறையும் உண்டு. பிளஸ் டூ படிக்கும் எங்கள் மகன் இதனால்தான் மின் ஸ்கூட்டருக்காக வாதாடினான்; அந்த ஒரு கணக்கில் அவன் சொன்னது சரியே.

என் மனத்தை முடிவு செய்தது மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது நம் வண்டியால் பாதிக்கப்படும் பிறருக்கான காப்பீடு. 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டுக் காப்பீட்டை வாங்கும்போதே எடுத்தாக வேண்டும். 75 முதல் 150 சிசி வரையிலான வண்டிக்கு 2022-இல் நிர்ணயித்த கட்டணம், வரி நீங்கலாக, 3,851 ரூபாய். இதை வீண் செலவாக நினைப்பவர்கள், தெருவைக் கடக்கும் முதியவர் ஒருவர் நம் வண்டி மோதி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். மொபெட்டானால் இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் தரும். உயிரிழப்புக்கும் உடற்காயத்துக்கும் அந்தப் பொறுப்புக்கு உச்சவரம்பு இல்லை. காப்பீடு இல்லாத மின் ஸ்கூட்டரானால், முழுத் தொகையும் நம் சேமிப்பிலிருந்துதான் போகும். இருபது கிலோமீட்டர் வேகமும் ஒரு முதியவரைக் கீழே தள்ளப் போதுமானது.

ஆனால் இந்தப் பாதுகாப்பு மற்றக் காகிதங்களோடு பிணைந்தது. செல்லுபடியாகும் உரிமம் இல்லாதவர் ஓட்டியிருந்தால், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதை உரிமையாளரிடமிருந்து வசூலிக்க நீதிமன்றங்கள் அனுமதித்திருக்கின்றன. ஆகவே வண்டியை இரவல் கொடுக்கும்போது உரிமத்தைக் கேட்பதில் எனக்கு இப்போது கூச்சம் இல்லை. புகைச் சான்றிதழ் முதல் ஓராண்டுக்குத் தேவையில்லை. பிறகு ஆண்டுக்கொரு முறை எடுக்க வேண்டும், அதில் பெரிய சிரமம் ஒன்றும் இல்லை.

மின் ஸ்கூட்டரை நான் உறவினரிடம் வாங்கி இரண்டு வாரம் மட்டுமே ஓட்டியிருக்கிறேன். அதன் பேட்டரி எத்தனை ஆண்டு தாங்கும் என்று தீர்ப்புச் சொல்ல அந்த அனுபவம் போதாது. குடியிருப்பு வளாகத்துக்குள் மட்டும் புழங்குபவர் என்றால் அதையே வாங்கச் சொல்வேன். எங்கள் வண்டி தினமும் பேருந்துகளுக்கு நடுவே போக வேண்டியது.