தண்ணீரில் நின்ற வண்டிக்கு "என்ஜின் போச்சு" என்றார்கள்: 68,500 ரூபாய் ஏமாந்தேன், நீங்கள் ஏமாறாதீர்கள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஜீப், தார் மாதிரி ஃபோர் பை ஃபோர் (நாலு சக்கரமும் இழுக்கிற) வண்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைக் கடைசி வரை படியுங்கள். நேற்று சாயங்காலம்தான் எனக்கு உண்மை தெரிந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. 68,500 ரூபாய். என்ஜினில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் 68,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். இப்படி ஆனால் என்ன செய்ய வேண்டும், எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என்னுடையது 2014 மாடல் மஹிந்திரா தார், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் போகிற சி.ஆர்.டி.இ. என்ஜின். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி வேலைக்குத் தினமும் அதில்தான் போய் வருகிறேன். லீவு நாளில் மலைப் பக்கம் போவேன். அவ்வளவுதான், பெரிய ஆஃப் ரோடு ஆள் எல்லாம் இல்லை.

ஐப்பசி மழை பிடித்த முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் மச்சானும் ஒடுகத்தூரைத் தாண்டி ஜவ்வாது மலை அடிவாரத்துக்குப் போனோம். மச்சானின் நண்பர் ஒருவருக்கு அங்கே நிலம் இருக்கிறது. நிலத்துக்குப் போகும் மண் பாதை ஒரு கானாற்றைக் கடந்து போகிறது. கோடையில் பார்த்தால் வெறும் மணலும் உருட்டுக் கல்லும்தான். அன்றைக்கு முந்தின ராத்திரி மலைமேல் நல்ல மழை, கானாற்றில் செம்மண் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் இறங்கி நடந்து பார்த்தான். முழங்கால் ஆழம். டயரில் பாதிதான் வரும். ஃபோர் லோ (நாலு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கிற கியர்) போட்டு மெதுவாக இறக்கினேன். பாதிக்கு மேல் கடந்துவிட்டோம். முன் இடது சக்கரம் ஒரு குழியில் இறங்கியது. அடியில் ஒரு கல் 'டங்' என்று இடித்தது. அதே நொடியில் என்ஜின் நின்றுவிட்டது.

கல் இடித்ததும் என்ஜின் நின்றதும் ஒன்றாக நடந்தது. இதை நான் அந்தக் கடைக்காரரிடம் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னேன்.

பதற்றத்தில் தண்ணீரில் இருந்தபடியே சாவியைத் திருப்பினேன். அது செய்யக்கூடாத வேலை என்று இப்போது தெரிகிறது. செல்ஃப் எடுத்தது. வழக்கம்போலத்தான் சுற்றியது, ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை. நாலு தடவை முயற்சி செய்தேன், நாலு தடவையும் செல்ஃப் நன்றாகவே எடுத்தது. அப்புறம் ஊருக்குள் போய் டிராக்டர் பிடித்து வந்து, கயிறு கட்டிக் கரைக்கு இழுத்தோம். நான் டிராக்டர்காரரோடு பேசிக்கொண்டிருந்தபோது மச்சான் பானெட்டைத் திறந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். என்ன பார்க்கிறான் என்று கேட்கவில்லை. அன்றைக்கே கேட்டிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

மறுநாள் ரெக்கவரி வண்டியில் ஏற்றி வேலூரில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். ஃபோர் பை ஃபோர் வண்டிகளுக்கென்றே நடத்தும் கடை. கடைப் பெயரைப் போடாதே என்று வக்கீல் நண்பர் சொன்னார், அதனால் போடவில்லை. உயரம் ஏற்றிய வண்டிகள், வின்ச் மாட்டிய வண்டிகள் வரிசையாக நிற்கும். மலையில் வண்டி ஏறுகிற வீடியோவாகப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த வீடியோக்களைப் பார்த்துத்தான் போனேன்.

ஓனர் என் வயதுதான் இருப்பார். டீ வரவழைத்தார். பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். எத்தனை அடி தண்ணீர், எந்தப் பக்கம் சாய்ந்தது, எத்தனை தடவை செல்ஃப் அடித்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒரு பேப்பரை எடுத்து சிலிண்டர், பிஸ்டன், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கிற ராடு எல்லாம் வரைந்து காட்டினார். "காத்து அமுங்கும் ப்ரோ, தண்ணி அமுங்காது. தண்ணி உள்ள இருக்கும்போது பிஸ்டன் மேல வந்தா ராடு வளைஞ்சிடும். நீங்க நாலு தடவை செல்ஃப் அடிச்சிருக்கீங்க" என்று சொல்லி, என் தோளில் கை வைத்தார். அந்தக் கை வைத்ததில்தான் நான் விழுந்தேன். என்னால்தான் என்ஜின் போய்விட்டது என்ற குற்ற உணர்ச்சியில் அப்புறம் எதையும் கேட்கத் தோன்றவில்லை. அவர் சொன்ன பாடம் அத்தனையும் உண்மை. என் வண்டியில் அது நடக்கவே இல்லை என்பதுதான் விஷயம்.

சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. என் வண்டியின் ஏர் ஃபில்டர். ஒரு பையன் அதை இரண்டு கையாலும் அமுக்குகிறான், மடிப்பு மடிப்பாக இருக்கிற அந்தக் காகிதத்திலிருந்து செம்மண் நிறத்தில் தண்ணீர் சொட்டுகிறது. கீழே, "என்ஜின் இறக்கணும் ப்ரோ. இன்சூரன்ஸ்ல தண்ணி புகுந்ததுக்குத் தர மாட்டாங்க" என்று ஒரு வரி. என்ஜினுக்கென்று தனியாக எடுக்கிற என்ஜின் புரொடெக்ட் இன்சூரன்ஸ் நான் எடுக்கவில்லை, அதனால் அதையும் நம்பினேன். பத்து நிமிடத்தில் 30,000 ரூபாய் ஜி.பே. செய்தேன்.

ஒன்பது நாள் கழித்து வண்டி ரெடி என்றார்கள். பாக்கி 38,500 ரூபாயைப் பணமாகக் கேட்டார்கள். பில் வேண்டும் என்றேன். "பில் போட்டா 18 பர்சென்ட் சேர்ந்துடும் ப்ரோ, உங்களுக்கு எதுக்கு வீண் செலவு" என்றார். ஒரு நோட்டுத் தாளில் பென்சிலில் எழுதிக் கொடுத்தார்கள்: ராடு, பேரிங், பிஸ்டன் ரிங், கேஸ்கெட், லேத் கூலி, லேபர். கூட்டினால் 68,500. பழைய பார்ட்ஸைத் தாருங்கள் என்று கேட்டேன். ஒரு சாக்குப் பையைக் கொடுத்தார்கள். உள்ளே வளைந்த கனெக்டிங் ராடு ஒன்று, தேய்ந்த பேரிங் துண்டுகள். வளைந்த ராடைக் கையில் வாங்கியதும் எனக்கு மீதமிருந்த கொஞ்ச நஞ்ச சந்தேகமும் போய்விட்டது.

அந்த 38,500 ரூபாய் என் மனைவி சீட்டு எடுத்த பணம். மகளின் இரண்டாவது டேர்ம் ஃபீஸுக்கு வைத்திருந்தது.

பதினொன்றாம் நாள் வேலை முடிந்து வரும்போது மேல்விஷாரம் தாண்டி வண்டி நின்றது. செல்ஃப் எடுக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. கானாற்றில் இருந்த அதே நிலைமை. அரை மணி நேரம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆனது. கடைக்குப் போன் செய்தேன். "புது என்ஜின் ப்ரோ, செட் ஆக டைம் எடுக்கும்." இரண்டு நாளில் மறுபடி நின்றது. "டீசல் எங்க போட்டீங்க?" மூன்றாவது தடவை நின்றபோது ஓனர் சென்னை போயிருப்பதாக ஒரு பையன் சொன்னான். நேரில் போனேன். அப்போதும் ஓனர் சென்னையில். வெளியில் அவர் புல்லட் நின்றிருந்தது. மறுநாள் போனை எடுத்து, "நீங்க மறுபடி மலைக்குப் போயிருப்பீங்க, அதுக்கெல்லாம் வாரண்டி இல்ல" என்றார். மேல்விஷாரம் தார் ரோட்டில் நின்ற வண்டிக்கு இந்தப் பதில். 68,500 ரூபாய் கொடுத்திருக்கிறேனே என்றேன். "சார், பில் இருக்கா?" என்றார். அதுவரை ப்ரோ, பில் என்றதும் சார். அன்றைக்கு ராத்திரியே என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

நேற்று மறுபடி அதே மேல்விஷாரத்தில் நின்றது. டீக்கடையில் இருந்த ஒருவர், ஆற்காட்டில் பழைய டீசல் மெக்கானிக் ஒரு பாய் இருக்கிறார், அவரிடம் காட்டுங்கள் என்றார். வண்டி ஆறட்டும் என்று காத்திருந்து, ஸ்டார்ட் ஆனதும் நேராக அங்கே விட்டேன். சின்ன ஷெட். போர்டுகூட இல்லை. அங்கே போய்ச் சேர்ந்ததுமே திரும்பவும் நின்றுவிட்டது, ஒருவகையில் நல்லதாகப் போயிற்று.

பாய் முதலில் கேட்ட கேள்வி: "செல்ஃப் எடுக்குதா தம்பி?" எடுக்கிறது பாய் என்றேன். "அன்னிக்குத் தண்ணியிலயும் எடுத்துச்சா?" எடுத்தது. "அப்ப தண்ணி பூந்து என்ஜின் லாக் ஆச்சுன்றது இன்னா கதை? தண்ணி ரொம்பின என்ஜின் டொக்குனு முட்டி நிக்கும், சுத்தாது. ராடு லேசா வளைஞ்சிருந்தாலும் தட்டுற சத்தம் வரும், பொகை தள்ளும். ஒனக்கு வந்துச்சா?" வரவில்லை.

ஸ்கேனர் மாட்டினார். பி 0335 என்று காட்டியது, கிராங்க் சென்சார் (என்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார்) சர்க்யூட் கோளாறு. என்னை செல்ஃப் அடிக்கச் சொல்லி ஸ்கேனர் திரையைப் பார்க்கச் சொன்னார். என்ஜின் சுற்றுகிறது, ஆர்.பி.எம். என்ற இடத்தில் பூஜ்யம். "என்ஜின் சுத்துறது கம்ப்யூட்டருக்குத் தெரியல. தெரியாம டீசல் உடாது தம்பி" என்றார். அப்புறம் அட்டையைப் போட்டு வண்டிக்கு அடியில் படுத்தார். கொஞ்ச நேரத்தில் என்னையும் கூப்பிட்டார். நானும் படுத்துப் பார்த்தேன். கிராங்க் சென்சாருக்குப் போகும் வயர். அதைத் தாங்கும் தகடு நசுங்கியிருக்கிறது, அதில் கல் உரசிய வெள்ளைக் கோடு. அந்த இடத்தில் வயரைச் சுற்றிக் கறுப்பு இன்சுலேஷன் டேப். பாய் டேப்பை உரித்தார், பசை விரலில் ஒட்டியது. உள்ளே அறுந்த வயர் இரண்டையும் சும்மா முறுக்கி விட்டிருக்கிறார்கள். செம்புக் கம்பி பச்சை பிடித்திருந்தது. சூடு ஏறினால் விடுகிறது, ஆறினால் பிடிக்கிறது.

டேப் சுற்றியிருக்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? என்ன கோளாறு என்று அவர்களுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் ஃபில்டரைத் தண்ணீரில் முக்கி எனக்கு வீடியோ அனுப்பியிருக்கிறார்கள்.

பாய் டார்ச் அடித்து என்ஜினைச் சுற்றிக் காட்டினார். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் பல வருஷத்துப் பிசுக்கு அப்படியே இருக்கிறது. அடியில் இருக்கிற ஆயில் சம்ப் ஓரத்தில் காய்ந்த மண். மவுண்டிங் போல்ட் எதிலும் ஸ்பானர் பட்ட தழும்பு இல்லை. "இத எறக்கவே இல்ல தம்பி. ஆயில் மட்டும் மாத்திக்கிறாங்க." டிக்கியில் கிடந்த சாக்குப் பையை எடுத்துக் கொடுத்தேன். வளைந்த ராடை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பேரிங் உட்காரும் வட்டத்தின் உள்பக்கம் குழி குழியாகத் துரு. எப்போதும் ஆயிலில் இருக்கிற இடம் அது. வருஷக்கணக்கில் வெளியில் கிடந்தால்தான் அப்படி ஆகும். ஷெட் மூலையிலிருந்து இதே என்ஜினின் பழைய ராடு ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். நீளமே வேறு. அது என் வண்டி ராடே இல்லை.

வயரைச் சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு, புது கனெக்டர் மாட்டி, தகட்டை நிமிர்த்திக் கொடுத்தார். கூலியோடு 1,400 ரூபாய். 1,400 ரூபாய் வேலைக்கு நான் கொடுத்தது 68,500.

வீட்டுக்கு வந்து மச்சானுக்குப் போன் செய்து சொல்லிக்கொண்டிருந்தேன். ஃபில்டரில் தண்ணீர் சொட்டிய கதைக்கு வந்ததும், "மாமா, அன்னிக்கே நான் திறந்து பாத்தேனே, புழுதிதான் இருந்துச்சு. போட்டோகூட எடுத்தேன்" என்றான். அனுப்பினான். கானாற்றங்கரை, பானெட் திறந்திருக்கிறது, அவன் கையில் ஏர் ஃபில்டர். சாம்பல் நிறப் புழுதி, ஒரு ஓரத்தில் காய்ந்த புளிய இலை. ஒரு சொட்டு ஈரம் இல்லை. தேதியும் நேரமும் போட்டோவிலேயே இருக்கிறது.

இன்று காலை வேறு நம்பரிலிருந்து அந்த ஓனரைக் கூப்பிட்டேன். போட்டோவைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "செய்யறதைச் செஞ்சுக்குங்க" என்று வைத்துவிட்டார்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது எழுதுகிற நிலையில் இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். தண்ணீரில் வண்டி நின்றால் உடனே செல்ஃப் அடிக்காதீர்கள். கரைக்கு இழுத்ததும் ஏர் ஃபில்டரைத் திறந்து நீங்களே போட்டோ எடுங்கள், டிப் ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கிற கம்பி) ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றி ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை என்றால், என்ஜினை இறக்க ஒத்துக்கொள்வதற்கு முன் உங்கள் கண்ணெதிரே ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால் பிரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். 18 பர்சென்ட் போனாலும் பரவாயில்லை, பில் வாங்குங்கள். என்னிடம் பில் இல்லாததால்தான் அவருக்கு அவ்வளவு தைரியம்.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-இல் பதிவு செய்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது என்று வக்கீல் நண்பர் சொன்னார். ஜி.பே. செய்த 30,000-க்கு ஆதாரம் இருக்கிறது, பென்சில் தாள் இருக்கிறது, இரண்டு ஃபில்டர் படமும் இருக்கின்றன. அந்தத் துருப்பிடித்த ராடையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை போகிறேன். அதே மாதிரிக் கடையில் உங்களுக்கும் வளைந்த ராடு காட்டியிருந்தால் எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்புங்கள். ராடு போட்டோவையும் அனுப்புங்கள்.