கடையில வாங்குன ஈகிளா, வீட்ல ஒட்டுன காப்பா: ஸ்பேஸ் 1999 வெர்சஸ் பிளேக்ஸ் செவன்

எழுபதுகளோட பிரிட்டிஷ் சயின்ஸ் ஃபிக்‌ஷன் சீரியல்னு பேச்செடுத்தாலே எல்லாரும் டாக்டர் ஹூல போய் நின்னுடுவாங்க. அத விடுங்க, அது தனிக் கோயில். நிஜமான சண்டை ஸ்பேஸ் 1999க்கும் பிளேக்ஸ் செவனுக்கும்தான். நான் ரெண்டையும் வந்த காலத்துல பாக்கல, ரொம்ப லேட்டா டிவிடி செட் வாங்கித்தான் பாத்தேன், அதனால சின்ன வயசு பாசம்னு சொல்லி தப்பிச்சுக்க எனக்கு வழியில்ல.

முதல்ல ஸ்பேஸ் 1999. 1975ல வந்தது, ஜெர்ரி ஆண்டர்சன், சில்வியா ஆண்டர்சன் ஜோடியோட தயாரிப்பு, பைன்வுட் ஸ்டுடியோல 35 எம்எம் ஃபிலிம்ல சினிமா மாதிரியே எடுத்தது. அமெரிக்காவுல விக்கணும்னே அங்க இருந்து நடிகர் மார்ட்டின் லாண்டோவையும் நடிகை பார்பரா பெயினையும் கூட்டிட்டு வந்தாங்க. கதை என்னன்னா, நிலாவோட அந்தப் பக்கம் கொட்டி வெச்ச அணுக்கழிவு 1999 செப்டம்பர் 13 அன்னிக்கு வெடிச்சு, நிலாவே பூமிய விட்டு பிச்சுக்கிட்டு போயிடுது, நிலாவுல கட்டுன ஆல்ஃபா பேஸ்ல இருக்கிற 311 பேரும் அதுலயே ஊர் ஊரா அலையுறாங்க. அவ்வளவு பெரிய வெடி வெடிச்சா நிலா தூள்தூளாத்தான் போகும், அப்படியே போனாலும் வாரத்துக்கு ஒரு கிரகத்த எட்டிப் பாக்குற ஸ்பீடுக்கு சான்ஸே இல்ல, ஆனா அதெல்லாம் கேட்டா சீரியல் பாக்க முடியாது.

பாக்குறதுக்கு இது அவ்வளவு அழகு! பிரையன் ஜான்சன் டிசைன் பண்ண ஈகிள் கப்பல இன்னிக்கு பாத்தாலும் பழசா தெரியல, எலும்புக்கூடு மாதிரி கம்பி கம்பியா, நிஜமாவே எவனோ இன்ஜினியர் உக்காந்து கட்டுன மாதிரி இருக்கும் (அவர் அப்புறம் ஏலியன் படத்துக்கு வேலை செஞ்சு ஆஸ்கரே வாங்கினாரு). டிராகன்ஸ் டொமைன்னு ஒரு எபிசோட், ஒத்தக்கண்ணு மினுமினுக்கிற பூதம் ஆளுங்கள உள்ள இழுத்து கருக்கி வெளிய துப்பும், அத சின்னப் பிள்ளைல பாத்தவங்க இன்னும் மறந்திருக்க மாட்டாங்க.

பிரச்சனை மனுஷங்கதான். எல்லாரும் பெய்ஜ் கலர் யூனிஃபார்ம்ல அமைதியா, கௌரவமா, சோகமா நடந்துக்கிட்டே இருப்பாங்க. பேரி மோர்ஸ் நடிச்ச பேராசிரியர் பெர்க்மன் ஒருத்தர்தான் நம்ம வீட்டுப் பெரியவர் மாதிரி இருப்பாரு, ரெண்டாவது சீசன்ல அவரும் காணோம், ஏன்னு சீரியல்ல ஒரு வார்த்தை சொல்லல. ஸ்டார் ட்ரெக் மூணாவது சீசன தயாரிச்ச ஃப்ரெட் ஃப்ரைபெர்கர் வந்து, உருவம் மாறுற மாயான்னு ஒரு கேரக்டர போட்டு, ஜோக்கு, ரப்பர் ராட்சசன்னு சீரியலையே மாத்திட்டாரு. மாயாவா நடிச்ச கேத்தரின் ஷெல் பாவம், அவங்க நல்லாத்தான் நடிச்சாங்க. என்ன கேட்டா முதல் சீசனோட டிவிடிய மூடி வெச்சிரலாம்.

பிளேக்ஸ் செவன் அப்படியே தலைகீழ். கொடுங்கோல் கவர்மென்ட்ட எதிர்த்து பிளேக்னு ஒரு புரட்சிக்காரனும் அவன் கூட்டமும் விண்கப்பல்ல சுத்துற கதை. ஸ்டார் வார்ஸ் லண்டன்ல ரிலீஸ் ஆகி ஆறே நாள்ல, 1978 ஜனவரி 2, பிபிசி ஒண்ணுல ஆரம்பிக்குது, கெட்ட நேரம்னா இதான். பட்ஜெட்டோ ஒரு போலீஸ் சீரியலுக்கு குடுக்கிற அளவுதான். போற கிரகமெல்லாம் பாத்தா அதே கல்குவாரி, ஓராக்னு உலக மகா அறிவாளி கம்ப்யூட்டர் ஒண்ணு வரும், அது உள்ள லைட்டு போட்ட மீன்தொட்டி. ஸ்டுடியோ சீன் வீடியோ டேப்புல, வெளிய போனா 16 எம்எம் ஃபிலிம்ல, கதவத் திறந்தா படத்தோட கலரே மாறும்.

ஆனா வசனம்! டாக்டர் ஹூல வர்ற டேலெக்ஸ்ங்கிற வில்லன்கள உருவாக்குன டெர்ரி நேஷன் முதல் சீசன் 13 எபிசோடையும் தனி ஆளா எழுதினாரு, ஸ்கிரிப்ட் எடிட்டர் கிறிஸ் பௌச்சர். முதல் எபிசோடே கொடூரம், புரட்சிக்காரன் பிளேக்க கவர்மென்ட் குழந்தைகள்கிட்ட தப்பா நடந்துக்கிட்டான்னு பொய் கேஸ்ல மாட்டிவிட்டு ஜெயில் கிரகத்துக்கு அனுப்புது, அவனுக்காக ஆதாரம் தேடிப்போன வக்கீலையும் கொன்னுடுது. 1978ல சாயங்காலம் குடும்பத்தோட உக்காந்து பாத்த சீரியல் இது! அப்புறம் பால் டாரோ நடிச்ச ஏவான். நல்லவனும் இல்ல கெட்டவனும் இல்ல, பிளேக்கோட கொள்கைய நம்பவே மாட்டான், ஆனா கூடவே இருப்பான், வாயத் திறந்தா குத்தல்தான். பயந்தாங்கொள்ளித் திருடன் வீலாவும் அவனும் பேசிக்கிறத மட்டும் வெட்டி ஒட்டிக் குடுத்தாலும் நான் ராத்திரி முழுக்க பாப்பேன். இதுல காமெடி என்னன்னா, ரெண்டு சீசனோட பிளேக்கே கிளம்பிட்டாரு, மீதி ரெண்டு சீசனும் பேரு மட்டும் பிளேக்ஸ் செவன்.

ஏக்கம்னு வரும்போது இன்னொரு வித்தியாசம் இருக்கு. ஸ்பேஸ் 1999 ஐடிவிங்கிற தனியார் டிவில வந்தது, ஏரியாவுக்கு ஏரியா வேற நாள், வேற நேரம், அதனால பக்கத்து ஊர்க்காரன் கூட அதே ராத்திரி பாத்திருக்க மாட்டான். அந்த ஞாபகம் பெரும்பாலும் பொருள்ல நிக்குது, டிங்கி கம்பெனியோட ஈகிள் பொம்மைல, டிவில வெள்ளையா இருந்த கப்பல அவங்க பச்சை கலர்ல வித்தாங்கன்றதுல. பிளேக்ஸ் செவன நாடே ஒரே நேரத்துல பாத்தது. அதுல ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு சட்டுனு போக கையில மாட்டிக்கிற டெலிபோர்ட் காப்ப எப்படி வீட்ல கிடக்கிற பொருள வெச்சு செய்றதுன்னு 1978ல ப்ளூ பீட்டர்ங்கிற பிபிசி குழந்தைகள் நிகழ்ச்சிலயே காட்டினாங்க, அப்புறம் கேக்கணுமா, பிள்ளைங்க கையெல்லாம் பசைதான் இருந்திருக்கும்.

நடுவுல சர்வைவர்ஸ்னு ஒண்ணு இருக்கு, 1975, அதுவும் டெர்ரி நேஷன்தான், கொள்ளைநோய்ல உலகமே காலியாகுற கதை. மாஸ்க் போட்ட ஆள் குடுவைய கீழ போடுறதும் பாஸ்போர்ட்ல சீல் சீலா விழுறதும்தான் டைட்டில், கொரோனாவுக்கு அப்புறம் என்னால அத தாண்டிப் பாக்க முடியல.

முடிவுக்கு வர்றேன். ஸ்பேஸ் 1999, 48 எபிசோடோட அப்படியே நின்னுபோச்சு, நிலா இன்னும் போய்க்கிட்டேதான் இருக்கு. பிளேக்ஸ் செவன் 1981 டிசம்பர் 21, கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னாடி, ஏவான் கையாலயே பிளேக்க சுட்டு, கூட இருந்தவங்களும் ஒவ்வொருத்தரா சாய்ஞ்சு, சுத்தி வளைச்ச சிப்பாய்ங்க நடுவுல ஏவான் துப்பாக்கிய தூக்கி சிரிக்கிறதோட முடியும், மீதி சத்தம் மட்டும்தான். கதைய சொல்லிட்டேன்னு திட்டாதீங்க, 40 வருஷம் தாண்டியாச்சு.

ஒண்ணுதான் பாக்க டைம் இருக்குன்னா பிளேக்ஸ் செவன். முதல் எபிசோட்ல இருந்தே வரிசையா போங்க, கடைசி எபிசோட மட்டும் தூங்கப்போற நேரத்துல போட்டுறாதீங்க.