மெத்தென்ற பூட்ஸா, இறுக்கமான பூட்ஸா? குல்மார்க் கிளம்பும் நெல்லைக் கால்களுக்கு

செருப்பில் வளர்ந்த கால் முன்பக்கம் விரிந்திருக்கும். விரல்கள் ஒன்றையொன்று நெருக்காது, சுண்டுவிரல் வெளிப்பக்கம் பார்த்து நிற்கும். டவுன் ரதவீதியை நாலு சுற்று சுற்றி வர இதைவிட நல்ல கால் கிடையாது. இதே காலைப் பனிச்சறுக்கு பூட்ஸுக்குள் நுழைக்கும்போதுதான் தகராறு. அது தோல் ஷூ இல்லை, போகப் போகக் காலுக்குத் தக்கபடி இளகிக் கொடுக்காது. வெளியே கெட்டிப் பிளாஸ்டிக் ஓடு, உள்ளே கழற்றி மாட்டக்கூடிய ஃபோம் பஞ்சு உள்ளுறை, அதாவது லைனர், முன்னால் நாலு பக்கிள், மேலே பட்டையாக ஒரு வார்.

காஷ்மீரின் குல்மார்க்குக்கோ உத்தராகண்டின் ஔலிக்கோ பனிச்சறுக்க ஒரு வாரம் போகிறவர் முன்னால் இரண்டு வகை பூட்ஸ் வந்து நிற்கும். ஒன்று மெத்தென்ற சொகுசு வகை, இன்னொன்று இறுக்கிப் பிடிக்கும் பெர்ஃபார்மன்ஸ் வகை. எது நல்லது என்று கேட்பதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கடையில் சொகுசாகத் தெரியும் பூட்ஸ் பல நேரம் சொகுசு வகையே கிடையாது. அது ஒரு சைஸ் பெரிய பூட்ஸ், அவ்வளவுதான்.

இரண்டையும் கையில் எடுத்தால்

வித்தியாசம் மூன்று இடத்தில் இருக்கிறது. முதலாவது லாஸ்ட், அதாவது முன்கால் விரியும் இடத்தில் ஓட்டின் உள்ளகலம். சொகுசு வகையில் 102 முதல் 104 மில்லிமீட்டர், பெர்ஃபார்மன்ஸ் வகையில் 97, 98. இந்த எண் 26.5 சைஸுக்குச் சொல்வது; பூட்ஸ் சைஸ் என்பது சென்டிமீட்டரில் பாதநீளம். சைஸ் ஏறினால் அகலமும் ஏறும்.

இரண்டாவது ஃபிளெக்ஸ். முழங்காலை முன்னால் மடக்கும்போது ஓடு எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பதற்கான எண். புதியவர்களுக்கான ஆண்கள் பூட்ஸ் 70, 80 என்று தொடங்கும். நன்றாகச் சறுக்குகிறவர் 110, 120 போடுவார். பெண்களுக்கு இதைவிடக் குறைந்த எண்கள், மேல்பட்டையும் தாழ்வாக இருக்கும், ஏனென்றால் பெண்களின் கெண்டைச்சதை பெரும்பாலும் கீழே இறங்கித் தொடங்கும். இந்த எண்ணுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் 100 இன்னொரு கம்பெனியின் 90 போல வளையும். எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆள் கனமாகவோ உயரமாகவோ இருந்தால் புதியவராக இருந்தாலும் ஒரு படி மேலே போகலாம். 55 கிலோ ஆளுக்கு மெத்தாக இருப்பது 90 கிலோ அண்ணாச்சிக்குக் காகிதம் மாதிரி மடங்கிவிடும்.

மூன்றாவது லைனர். சொகுசு வகையில் தடியான, மிருதுவான பஞ்சு. பெர்ஃபார்மன்ஸ் வகையில் மெலிதான, அடர்த்தியான பஞ்சு. முதல் நாள் தடிப்பஞ்சு ஜெயிக்கும். ஆனால் எல்லா லைனரும் போடப் போட அமுங்கும், தடிப்பஞ்சு அதிகமாக அமுங்கும். கடையில் "சரியாக இருக்கிறது" என்று வாங்கியது கொஞ்ச நாளில் தொளதொளக்க இதுதான் காரணம்.

பெரிய பூட்ஸ் ஏன் வலிக்கிறது

முரணாகத் தோன்றும், ஆனால் காலில் வலி, மரத்துப்போன விரல், கறுத்த நகம் என்று திரும்பி வருகிறவர்களில் பல பேர் பெரிய பூட்ஸ் போட்டவர்கள்தான். பூட்ஸ் பெரிதாக இருந்தால் குதிகால் உள்ளே மேலெழும்பும். சறுக்குக் கட்டையைத் திருப்பக் காலைத் திருப்பினால், கால் உள்ளே கொஞ்சம் நகர்ந்த பிறகுதான் ஓடு திரும்பும், ஓட்டுக்குப் பிறகு கட்டை. ஆனித் தேரோட்டத்தில் வடம் தொய்ந்திருந்தால் எத்தனை பேர் இழுத்தும் தேர் அசையாதே, அதே கதை. பிடிமானம் இல்லையென்று ஆள் என்ன செய்வார்? பக்கிளை இன்னும் ஒரு பல் இறுக்குவார். அந்த பக்கிள் புறங்கால் மேட்டில்தான் அழுத்துகிறது. விரல்களுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் தோலுக்குச் சற்றுக் கீழேயே அங்கு ஓடுகிறது. அது நசுங்கினால் பத்து நிமிடத்தில் விரல் மரத்துப்போகும். "குளிர் தாங்கலை, இன்னொரு சாக்ஸ் போடுவோம்" என்பது அடுத்த தப்பு. இரண்டாவது சாக்ஸ் இன்னும் நெரிக்கும், இரண்டுக்கும் நடுவில் மடிப்பு விழும், வியர்வை தேங்கும், விரல் மேலும் குளிரும்.

நகம் கறுப்பது வேறு வழியில். சரிவில் பின்னால் சாய்ந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் தளர்ந்த கால் முன்னால் வழுக்கிப் பெருவிரல் ஓட்டில் போய் முட்டும். ஒரு நாளைக்கு நூறு முட்டல் போதும், நகத்துக்கடியில் ரத்தம் கட்டிவிடும். பயந்தவர்தான் பின்னால் சாய்வார், புதியவர்தான் பயப்படுவார். அதனால் இது புதியவர் நோய்.

இறுக்கமான பூட்ஸின் பாவங்கள்

இங்கே வலி வரும் இடங்கள் துல்லியமானவை. சுண்டுவிரலின் அடிமூட்டு, உள்பக்கக் கணுக்கால் மொட்டு, அதற்குக் கொஞ்சம் முன்னால் உள்வளைவில் துருத்தும் எலும்பு. பனி ஊர்களில் இதற்கென்றே பட்டறை வைத்திருக்கிறார்கள். ஓட்டைச் சூடாக்கி, வலிக்கும் இடத்தில் மட்டும் உள்ளிருந்து சில மில்லிமீட்டர் தள்ளிக் கொடுப்பார்கள், அல்லது உள்பக்கத்தைக் கொஞ்சம் அரைத்துவிடுவார்கள். பெர்ஃபார்மன்ஸ் பூட்ஸ் விற்கப்படுவதே இந்த வேலையையும் சேர்த்துத்தான். பெட்டியிலிருந்து எடுத்த கையோடு அது யாருக்கும் முழுசாகப் பொருந்தாது.

நெல்லையில் அந்தப் பட்டறை கிடையாது. தெருமுனையில் செருப்பு தைக்கும் அண்ணாச்சி உள்தட்டை வெட்டிக் கொடுப்பார், வார் தைத்துக் கொடுப்பார், அதெல்லாம் அருமையாகச் செய்வார். பாலியூரித்தேன் ஓட்டை ஹீட் கன் வைத்து இளக்கச் சொல்லி அவரிடம் நீட்டாதீர்கள். ஒரு இடம் உருகும், பக்கத்து இடம் கோணும், பூட்ஸைச் சறுக்குக் கட்டையோடு பிடித்து நிறுத்தும் பைண்டிங்கில் உட்காரும் அடிப்பாகம் திருகிக்கொண்டால் அது பாதுகாப்பையே கெடுக்கும்.

அளக்க ஒரு சுவரும் நாலு பென்சிலும் போதும்

தரையில் வெள்ளைத் தாளை விரித்து, குதிகாலைச் சுவரில் ஒட்டி, முழு எடையும் அந்தக் காலில் இருக்க நில்லுங்கள். நீளமான விரல் நுனிக்கு நேரே கோடு. சுவரிலிருந்து கோடு வரை சென்டிமீட்டரில் வருவதுதான் பூட்ஸ் சைஸ். 26.3 வந்தால் 26.5. இரண்டு காலையும் அளக்க வேண்டும், நீளமான காலே கணக்கு. விரிந்த இடத்தின் அகலத்தையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். 104, 105 என்று வந்தால் 98 லாஸ்ட் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம். வாடகைக் கடையில் "எட்டாம் நம்பர்" என்று செருப்பு நம்பரைச் சொல்லாமல் இந்தச் சென்டிமீட்டரைச் சொல்லுங்கள்.

அடுத்து ஓட்டுச் சோதனை. லைனரை உருவி எடுத்துவிட்டு வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல் முன்சுவரை லேசாகத் தொடும்வரை முன்னால் தள்ளுங்கள். குதிகாலுக்குப் பின்னால் எவ்வளவு இடம் மிச்சம்? சாதாரண பென்சிலின் தடிமன் சுமார் 7 மில்லிமீட்டர். சேர்த்துப் பிடித்த இரண்டு பென்சில் நுழைந்தால் பெர்ஃபார்மன்ஸ் பொருத்தம், மூன்று நுழைந்தால் சொகுசுப் பொருத்தம், நாலும் தாராளமாக நுழைந்தால் அந்த பூட்ஸ் பெரிசு, திருப்பிக் கொடுத்துவிடலாம். பெரும்பாலான கம்பெனிகளில் 26-க்கும் 26.5-க்கும் ஓடு ஒன்றேதான். அரை சைஸ் கூடக் கேட்டு வாங்கி இடம் கிடைத்தது போல் நினைப்பது வெறும் மன ஆறுதல்.

லைனரைத் திரும்பப் போட்டு நின்றதும் நடப்பதுதான் வேடிக்கை. நிமிர்ந்து நின்றால் சரியான சைஸில் விரல்நுனி முன்னால் லேசாக முட்டும். "அண்ணாச்சி, விரல் முட்டுது, அடுத்த சைஸ் இருந்தா எடுங்க" என்று அங்கேயே சொல்லிவிடுகிறார்கள். எடுத்துப் போட்டதும் "ஆங், இதுதான் மெத்துன்னு இருக்குல்லா!" அந்த நொடியில் தப்பான பூட்ஸ் முடிவாகிவிட்டது. பக்கிள் எல்லாம் போட்டு, முழங்காலை மடக்கி, கால் முன்னெலும்பை பூட்ஸ் நாக்கின் மேல் சாய்த்துப் பாருங்கள். குதிகால் பின்னால் போய் உட்காரும், விரல் விலகும். அந்த நிலையில்தான் சறுக்கப் போகிறோம். பதினைந்து இருபது நிமிடம் அப்படியே நின்று நடந்து பாருங்கள். பரவலான இறுக்கம் சரி. ஒரே புள்ளியில் குத்தினால் சரியில்லை.

வீட்டு வெயிலை நம்பாதீர்கள்

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த பூட்ஸைப் பாளையங்கோட்டை வீட்டு ஹாலில் போட்டுப் பார்த்தால் இரண்டு விதமாக ஏமாற்றும். 35 டிகிரியில் பிளாஸ்டிக் இளகியிருக்கும், 110 ஃபிளெக்ஸ் 90 போல மடங்கும். பூஜ்யத்துக்குக் கீழே எட்டு, பத்து டிகிரி போகும் காலையில் அதே ஓடு மரக்கட்டையாக நிற்கும். காலோ நேர்மாறு. வெயிலில் வீங்கி, குளிரில் சுருங்கும். இங்கே அளவாக இருப்பது அங்கே சற்றுத் தளரும். அதனால் விடியற்காலையில், ஃபேனுக்கடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து போட்டுப் பாருங்கள்.

அந்தப் பழைய பூட்ஸின் வயதையும் பார்க்க வேண்டும். பாலியூரித்தேன் ஈரப்பதத்தில் வருஷக்கணக்கில் இற்றுப்போகும். பார்வைக்குப் பளபளவென்று இருந்து, குளிரில் முதல் அடியிலேயே பாளம் பாளமாக உடையும். பத்து வருஷம் தாண்டியது இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

வாடகையா, சொந்தமா

முதல் முறை போகிறவருக்கு யோசனையே தேவையில்லை, வாடகை. துபாயில் இருக்கிற நம் ஆட்கள் ஸ்கீ துபாய் என்ற உள்ளரங்கப் பனிச்சறுக்குக் கூடத்தில் ஒரு நாள் வாடகை பூட்ஸ் போட்டுப் பார்த்துவிட்டு வந்தால் தங்கள் சைஸாவது தெரிந்திருக்கும். நல்ல பெர்ஃபார்மன்ஸ் பூட்ஸ் நாற்பது, ஐம்பதாயிரத்தைத் தாண்டும், ஜோடி நாலு கிலோ கனக்கும். விமானத்தில் பதினைந்து கிலோ பெட்டியில் அது மட்டும் கால்வாசி.

குல்மார்க்கில் தொடக்கக்காரர் நிற்கும் இடம் கீழே உள்ள தாழ்ந்த சரிவுகள். கொண்டோலா என்ற கேபிள் காரின் முதல் கட்டம் கொங்டூரி வரை, இரண்டாம் கட்டம் அஃபர்வாட் மலைத்தோள் வரை, ஏறக்குறைய 3,950 மீட்டர். மேலே செப்பனிடாத ஆழப்பனி. அங்கே சறுக்குகிறவருக்குத்தான் 110-க்கு மேற்பட்ட ஃபிளெக்ஸும் இரண்டு பென்சில் பொருத்தமும் காசுக்குப் பலன் தரும்.

எங்கள் கணக்கு இப்படி. முதல் அல்லது இரண்டாவது பயணம் என்றால் வாடகையில் 102 லாஸ்ட், 70 முதல் 90 ஃபிளெக்ஸ், ஆனால் நீளம் துல்லியமாக. அகலத்தில் தாராளம் காட்டலாம், நீளத்தில் கூடாது. வருஷாவருஷம் போகிறவர், சிவப்புக் குறியிட்ட நடுத்தரக் கடினச் சரிவுகளில் தடுமாறாமல் இறங்குகிறவர், 100 லாஸ்ட், 100 ஃபிளெக்ஸ் பக்கத்தில் சொந்தமாக வாங்கலாம், அதுவும் பட்டறை உள்ள ஊரில் நேரே போய். 97 லாஸ்டும் 130 ஃபிளெக்ஸும் போட்டிக்காரர்கள் பாடு. படம் எடுத்துப் போட அழகாக இருக்கும் என்பதைத் தவிர ஒருவாரப் பயணிக்கு அதில் ஒன்றும் இல்லை.

எந்த பூட்ஸானாலும் அடிப்பாகம் பைண்டிங்கோடு ஒத்துப்போக வேண்டும். பழைய தட்டை அடி ஐஎஸ்ஓ 5355, நடக்க வசதியாக வளைந்த ரப்பர் அடி கிரிப்வாக், மலையேற்ற பூட்ஸ் வேறு. ஒன்றுக்கான பைண்டிங் மற்றதை விழும்போது விடுவிக்காமல் போகலாம், முழங்கால் அதற்கு விலை கொடுக்கும். குதிகால் பக்கம் ஓட்டில் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும் அடிநீளத்தையும், உங்கள் எடை, உயரம், வயதையும் வாடகைக் கடைக்காரரிடம் உள்ளபடி சொல்லுங்கள். எடையைக் குறைத்துச் சொல்லும் இடம் இதுவல்ல.

போடும் முறை

ஒரே ஒரு மெல்லிய, முழங்கால் வரை வரும் சாக்ஸ். தெர்மல் பேண்டின் அடிமடிப்பை பூட்ஸுக்குள் திணிக்கக் கூடாது, மேலே சுருட்டி நிறுத்த வேண்டும். கால் முன்னெலும்பில் ரத்தக்கோடு விழுவது பெரும்பாலும் இந்த மடிப்பால்தான். காலை விட்டதும் குதிகாலைத் தரையில் நாலு தட்டு. முதலில் கணுக்காலுக்கு மேலுள்ள பக்கிளை லேசாக, பிறகு புறங்கால் பக்கிள், பிறகு முழங்காலை மடக்கியபடி மேல் இரண்டையும் இறுக்கி, வாரை இழுத்துக் கட்டுங்கள். விரல்மேல் பக்கிள் கடைசியில், சும்மா பேருக்கு. கேபிள் காரில் மேலே போகும்போது எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு, இறங்கும் முன் திரும்பப் போட்டால் விரலுக்கு ரத்தம் வந்துபோகும். இன்னொன்று, கழிப்பறை வேலையை பூட்ஸ் போடும் முன்பே முடித்துவிடுங்கள். கணுக்கால் மடங்காத இந்தச் சமாச்சாரத்தை மாட்டிக்கொண்டு இந்தியக் கழிப்பறையில் குந்தி உட்கார முடியாது.

ராத்திரி லைனரை வெளியே எடுத்து அறைச்சூட்டில் காயவையுங்கள், ஹீட்டர் மேல் வைத்தால் பஞ்சு சுருங்கும். சொந்த பூட்ஸ் என்றால் ஊர் திரும்பியதும் லைனரை இரண்டு மூன்று நாள் நிழலில் உலர்த்தி, திரும்ப மாட்டி, பக்கிள்களைத் தளர்வாகப் பூட்டி வையுங்கள், இல்லாவிட்டால் ஓடு விரிந்து நிற்கும். மொட்டை மாடி ஷெட்டிலும் கூரை ஓட்டுக்கடிப் பரணிலும் வைக்காதீர்கள். சித்திரை வெயிலும் ஐப்பசி ஈரமும் சேர்ந்து பூட்ஸ் ஓட்டை இற்றுப்போக வைக்கும். உள்ளறை பீரோவின் அடித்தட்டு போதும்.