காசநோய் மாத்திரை: ஆரம்ப சுகாதார நிலையமா, தனியார் மருத்துவரா?

மாமனாருக்குச் சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதியானதும் வீட்டில் எல்லோரும் கேட்டது, "இலவச மாத்திரை கேட்குமா?" என்பதுதான். கேட்கும். இரண்டு இடத்திலும் மருந்து ஒன்றேதான். சாதாரண நுரையீரல் காசநோய்க்கு ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்புடால் நான்கும் இரண்டு மாதம். பிறகு பைரசினமைடை விட்டு மற்ற மூன்றும் நான்கு மாதம். செலவு, வரிசையில் நிற்பது, டாக்டர் பொறுமையாகப் பேசுவது ஆகியவற்றில் எது எங்கே மேல் என்பது எல்லோருக்கும் தெரியும். நாங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். அதன் பக்கமே சாய்ந்துதான் எழுதுகிறேன்.

எங்கள் முடிவைத் தீர்மானித்த கேள்வி ஒன்றுதான்: இவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் யாருக்குத் தெரியவரும்?

இந்த மருந்தில் ஒரு வம்பு உண்டு. சீக்கிரமே கேட்டுவிடும். சில வாரங்களில் காய்ச்சல் விடும், இருமல் அடங்கும், பசி எடுக்கும். கிருமி முழுவதும் சாகுமுன்னே ஆள் தேறிவிடுவார். பாதியில் நிறுத்துகிறவர்களில் பலர் நிறுத்துவது அப்போதுதான். தனியாரிடம் மறுமுறை வராத நோயாளி, வேறு டாக்டரிடம் போயிருப்பார் என்று விட்டுவிடப்படுகிறார். அது டாக்டரின் குற்றமல்ல. வீடு வரை ஆள் அனுப்ப அவரிடம் ஏற்பாடு இல்லை. அரசுத் திட்டத்தில் நிக்ஷய் (காசநோயாளிகளுக்கான அரசின் இணையப் பதிவேடு) பதிவு எண் கொடுத்த பிறகு எங்களைத் தேடி ஆள் வந்தது. வந்த ஊழியர் அட்டைகளைக் கேட்டு வாங்கி, காலிக் குழிகளை எண்ணினார். கீழ் இமையை இழுத்துக் கண்ணில் மஞ்சள் இருக்கிறதா என்று பார்த்தார். "வீட்டுப்பாடம் பார்க்கிற வாத்தியார் மாதிரி வருகிறாரே" என்று மாமனார் முணுமுணுத்தார். ஆனால் அவர் வரும் நாளுக்கு முன் ஒரு வேளைகூடத் தவறாது.

இந்த எண்ணிக்கைப் பழக்கம் புதிதல்ல. சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனையில், படுக்கவைக்காமல் வீட்டிலிருந்தே குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டிய ஆய்வு 1956இல் சென்னை சேத்துப்பட்டில்தான் தொடங்கியது. அதிலும் சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள்.

அடுத்தது மாத்திரையின் வடிவம். அரசு தருவது நான்கு மருந்தும் ஒன்றாகச் சேர்ந்த கூட்டு மாத்திரை. எடை 35 முதல் 49 கிலோ என்றால் தினம் 3; 50 முதல் 64 என்றால் 4. அதனால்தான் ஒவ்வொரு முறையும் எடை பார்க்கிறார்கள். தனியார் சீட்டில் சில சமயம் தனித்தனி மாத்திரைகளாக எழுதுகிறார்கள். உறவில் ஒருவர், மூட்டுவலி தருகிறது என்று பைரசினமைடை மட்டும் சத்தமில்லாமல் ஒதுக்கிவைத்திருந்தார். ஒரு மருந்துக்குத் தப்பும் கிருமியை இன்னொன்று கொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் நான்கைச் சேர்த்துக் கொடுப்பதே. இஷ்டத்துக்கு ஒன்றைக் கழித்தால் மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு வழி திறக்கும். கூட்டு மாத்திரையில் அப்படிப் பொறுக்க முடியாது.

ஆனால் கல்லீரல் பாதிக்கப்பட்டால் கதை மாறும். அப்போது எல்லாவற்றையும் நிறுத்தி, பரிசோதனை பார்த்து, ஒவ்வொரு மருந்தாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். தனி மாத்திரைதான் உதவும். அந்தக் கட்டத்தில் அனுபவமுள்ள நுரையீரல் நிபுணர் அருகில் இருப்பது பெரிய பலம் என்று நினைக்கிறேன். எங்களுக்கு அந்த நிலை வரவில்லை. ஆகையால் அழுத்திச் சொல்லமாட்டேன். மூளை, எலும்புக் காசநோய்க்கும் எங்கள் அனுபவம் பொருந்தாது. அவற்றுக்குச் சிகிச்சைக் காலமே நீளும்.

எங்கே வாங்கினாலும் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை உண்டு. ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம். கண் மஞ்சளானாலோ, விடாமல் வாந்தி வந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்தபடி மாத்திரையையும் தொடர்வது இங்கே பல வீடுகளில் நடக்கிறது, ஆபத்து. பார்வை மங்கினால், சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாவிட்டால் எத்தாம்புடாலைச் சந்தேகிக்க வேண்டும். பாதம் மரத்துப்போனால் ஐசோனியசிட் காரணமாக இருக்கலாம். அதற்கு பைரிடாக்சின் (வைட்டமின் பி6) தருவார்கள்.

ரிஃபாம்பிசின் சில சர்க்கரை மாத்திரைகள், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், கருத்தடை மாத்திரை ஆகியவற்றின் வேலையைக் குறைத்துவிடும். இதில் மட்டும் தனியாருக்கு முழு மதிப்பெண் தருவேன். மாமனாரின் பழைய சீட்டைப் பார்த்துச் சர்க்கரை மாத்திரையின் அளவை மாற்றியவர் அவருடைய வழக்கமான டாக்டர்தான். சுகாதார நிலைய வரிசையில் அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

அரசுப் பக்கத்துக் குறைகளும் உண்டு. 2024 தொடக்கத்தில் பல மாநிலங்களில் மாத்திரைத் தட்டுப்பாடு வந்தது. ஊழியர் வந்துபோவதால் தெருவுக்கே விஷயம் தெரியும் என்ற கூச்சமும் பொய்யல்ல. போனில் விசாரிக்கச் சொல்லலாம்.

குடும்ப டாக்டரை விட மனமில்லாதவர்கள் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். தனியார் மருத்துவர் காசநோயாளியைப் பதிவுசெய்து அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் கட்டாயம். பதிவாகிவிட்டால் அவரிடம் பார்த்துக்கொண்டே அரசு மாத்திரையைப் பெற முடியும். சத்துணவுக்கான மாதம் 1000 ரூபாயும் வங்கிக் கணக்குக்கு வரும். பதிவு எண் என்ன என்று டாக்டரிடம் கேளுங்கள். தயங்கினால் 1800-11-6666 என்ற இலவச எண்ணில் விசாரிக்கலாம்.