ஐந்து ரோடு நர்ஸ் இன்டர்வியூ வகுப்பு: ஆறு ஞாயிறு போய் வந்தேன்

இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையின் நர்ஸ் வேலைக்கு வீடியோ காலில் இன்டர்வியூ என்று தகவல் வந்த பிறகுதான், சேலம் ஐந்து ரோடு பக்கத்தில் நடக்கும் இந்த வகுப்பில் சேர்ந்தேன். ஆறு ஞாயிறு, காலையில் மூன்று மணி நேரம், 4,500 ரூபாய். ஐசியூவில் நான்கு வருடம் இருந்தவள், வேலை நன்றாகத் தெரியும், கேட்டால்தான் சொல்ல வராது.

முதல் நாளே மேடம் கேட்டார், "தப்பான மருந்து கொடுத்துட்டீங்க, என்ன செய்வீங்க?" டாக்டரிடம் சொல்வேன், இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதுவேன் என்று அடுக்கினேன். "சரி சிஸ்டர், பேஷன்ட் எங்க?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நிஜத்தில் நான் முதலில் கட்டிலுக்குத்தான் ஓடுவேன், ஆனால் என் பதிலில் பேஷன்ட்டே இல்லை. முதலில் அவருடைய மூச்சு, பல்ஸ், பிபி, அப்புறம் டாக்டருக்கும் இன்சார்ஜுக்கும் தகவல், பேஷன்ட்டிடம் மறைக்காமல் சொல்லி மன்னிப்பு, அதற்குப் பிறகுதான் எழுத்து வேலை. மறைக்காமல் சொல்வதை அங்கே 'ட்யூட்டி ஆஃப் கேண்டர்' என்கிறார்கள், மருத்துவமனைக்கு அது சட்டப்படியே கடமை, நர்ஸுக்குத் தொழில் நெறி.

அனுபவத்தைச் சொல்லச் சொன்னால் 'ஸ்டார்' முறை: சூழ்நிலை, என் பொறுப்பு, நான் செய்தது, முடிவு. முதல் இரண்டையும் இரண்டு மூன்று வரியில் முடித்துவிட்டு, செய்ததைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். நாமோ பேஷன்ட் கதையிலேயே நேரத்தைக் கரைத்துவிடுகிறோம். இன்னொன்று, தனியாக நின்று செய்ததைக்கூட 'நாங்க பண்ணினோம்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். 'நான்' என்று சொல்ல எனக்கு இரண்டு ஞாயிறு பிடித்தது.

டாக்டரைக் கூப்பிடுவதற்கு 'எஸ்பார்': இப்போதைய நிலை, பின்னணி, என் கணிப்பு, என்ன வேண்டும் என்பது. 'பேஷன்ட்டுக்கு முடியல டாக்டர்' என்றால் ஒன்றும் புரியாது. மூச்சு 26, ஆக்சிஜன் 91, பல்ஸ் 112 என்று சொன்னால் அந்த மூன்றிலேயே நியூஸ்2 ஸ்கோர் (பேஷன்ட் நிலை எவ்வளவு மோசம் என்று காட்ட அங்கே போடும் மதிப்பெண்) 8 வந்துவிடுகிறது, 7 தொட்டாலே அவசர அழைப்பு. இதை வகுப்பில் போர்டில் போட்டுக் கணக்குப் பண்ணிக் காட்டியது எனக்கு மிகவும் உதவியது.

குறையும் இருக்கிறது. கையில் கொடுக்கும் மாதிரி பதில் புத்தகம் வேண்டவே வேண்டாம். 'உங்கள் பலவீனம் என்ன' என்பதற்கு எங்கள் பேட்சில் மூன்று பேர் அதே வரியை ஒப்பித்தார்கள், கேட்கவே சங்கடமாக இருந்தது. 22 பேர் இருந்ததால் மாக் இன்டர்வியூ, அதாவது ஒத்திகை, ஆளுக்கு ஒரே ஒரு முறை, அதுவும் பத்து நிமிடம். மேடம் அவ்வளவு நன்றாகச் சொல்லித் தரும்போது இதில் சிக்கனம் பிடிப்பது நியாயமில்லை.

சேருவதற்கு முன்பே எத்தனை மாக் என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் வார்டில் நிஜமாக நடந்த நான்கைந்து சம்பவங்களை எழுதி எடுத்துப் போங்கள், மேடம் உட்கார்ந்து வரி வரியாகத் திருத்தித் தருவார்.