ஃபேசியா ரிலீஸ் செய்யப் போய் விரல் மரத்துப்போய் வந்தேன்: போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

எழுதலாமா வேண்டாமா என்று சில மாதங்களாகவே யோசனை. போன வாரம் தெரிந்தவர் ஒருவர், "இடுப்பு வலிக்கு ஃபேசியா ரிலீஸ் பண்ணிக்கப்போறேன், பத்து சிட்டிங்குக்கு பணம் கட்டிட்டேன்" என்று சொன்னதைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. தசைகளைப் போர்த்தியிருக்கும் உறையை (அதுதான் ஃபேசியா) அழுத்தி இளக்குவதாகச் சொல்லிச் செய்கிற மசாஜ் அது. இடத்தின் பெயரும் ஆளின் பெயரும் இதில் இல்லை. எனக்கு நடந்தது எங்கேயும் நடக்கக்கூடியதுதான்.

எனக்கு வலது தோள்பட்டை எலும்பின் உள் ஓரத்தில், முதுகெலும்புக்கும் அதற்கும் நடுவே, நம் கை எட்டவே எட்டாத அந்த இடத்தில் வலி. நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்கிற வேலை. பகலில் எப்படியோ ஓடிவிடும், ராத்திரி படுத்தால்தான் ஆரம்பிக்கும், தலையணையை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பேன், கடைசியில் வலது கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால் கொஞ்சம் அடங்கும், அப்படியே தூங்கிவிடுவேன். இந்தக் கை விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

தோளில் முடிச்சு விழுந்திருக்கும், மசாஜ் செய்தால் போய்விடும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. தேடிப்பார்த்து, ஃபேசியா, ட்ரிக்கர் பாயின்ட் (தசையில் தொட்டால் வலிக்கிற புள்ளி) இரண்டிலும் நிபுணர் என்று போட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் போனேன். சுத்தமான இடம், சுவரில் தசைப் படங்கள், பேச்சும் நம்பிக்கையாக இருந்தது. ஒரு தாளில் பெயரும் போன் நம்பரும் எழுதச் சொன்னார்கள். அவ்வளவுதான். வேறு என்ன நோய் இருக்கிறது, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், கீழே விழுந்தீர்களா, கை மரத்துப்போகிறதா, ஒரு கேள்வி கூட கிடையாது. எங்கே வலிக்கிறது என்று மட்டும் கேட்டார், காட்டினேன், குப்புறப் படுக்கச் சொன்னார்.

"உங்க ஃபேசியா முழுக்க ஒட்டிப்போயிருக்கு மேடம், பசை போட்ட மாதிரி. இதை உடைச்சாத்தான் வலி போகும்." முழங்கையை வைத்து உடம்பு பாரம் மொத்தத்தையும் இறக்கினார். அப்புறம் வளைந்த இரும்புப் பட்டை ஒன்றை எடுத்து அதே இடத்தில் மேலும் கீழும் இழுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். வலிச்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம் என்றார். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால் தோளுக்கும் முதுகுக்கும் நடுவே கத்தரிப்பூ நிறத்தில் கன்றிப்போயிருந்தது, இரண்டு உள்ளங்கை அகலம். போட்டோ எடுத்து அனுப்பினேன். நச்செல்லாம் வெளியே வருகிறது, நிறைய தண்ணீர் குடியுங்கள் என்று பதில் வந்தது. நானும் நம்பித் தண்ணீர் குடித்தேன்.

நச்சு எதுவும் வெளியே வரவில்லை. தோலுக்கு அடியில் இருக்கும் மெல்லிய ரத்தக்குழாய்கள் உடைந்து ரத்தம் கசிந்தால் வருகிற நிறம் அது, வேறொன்றுமில்லை. தசையில் தங்கிப்போன லாக்டிக் அமிலத்தை அழுத்தி வெளியேற்றுகிறோம் என்று இன்னொரு கதை சொல்வார்கள். கடுமையாக உடற்பயிற்சி செய்தாலே அது ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் தானாக இறங்கிவிடுகிறது, மாதக்கணக்கில் தோளில் உட்கார்ந்திருப்பதில்லை. ஒட்டிப்போன ஃபேசியாவை முழங்கையால் உடைப்பது என்பதும் அப்படித்தான். ஃபேசியா என்பது தசைகளைப் போர்த்தி, ஒன்றோடு ஒன்று இணைக்கும் கொலாஜன் உறை. தொடையின் வெளிப்பக்கம் இருக்கும் தடித்த உறையையும் பாதத்தின் அடியில் இருக்கும் உறையையும் கணித மாதிரி வைத்துக் கணக்கிட்ட ஆய்வு ஒன்று 2008ல் வந்தது. அவற்றை ஒரே ஒரு சதவீதம் அமுக்கவோ பக்கவாட்டில் நகர்த்தவோ தேவைப்படும் விசை, மனிதக் கை சாதாரணமாகக் கொடுக்கக்கூடியதைத் தாண்டி எங்கேயோ இருக்கிறது என்று அதில் காட்டியிருக்கிறார்கள். அப்படியானால் மசாஜுக்குப் பிறகு உடம்பு லேசாவது எப்படி? பெரும்பாலும் நரம்பு மண்டலம் இறுக்கத்தைத் தளர்த்துவதால். பயந்து விறைத்துக்கொண்டு படுத்திருக்கும் உடம்பில் அது எப்படி நடக்கும்?

இதையெல்லாம் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

ட்ரிக்கர் பாயின்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த முறையே ஏமாற்று என்று நான் சொல்லவரவில்லை. தசைக்குள் கயிறு போல இறுகிய ஒரு பட்டை, அதில் தொட்டால் சுருக்கென்று வலிக்கிற ஒரு புள்ளி. அதை அழுத்தினால் வலி அங்கே மட்டும் நிற்காது, தள்ளி வேறொரு இடத்தில் தெரியும். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே பிடித்துப்பார்க்கிறோமே அந்தத் தசையில் புள்ளி இருந்தால் நெற்றிப்பொட்டில் தலைவலி வரலாம். பிட்டத்தின் உள்தசையில் இருந்தால் கால் முழுக்க ஓடி, சயாட்டிகா (இடுப்பிலிருந்து காலுக்குப் போகும் நரம்பு வலி) என்று நினைக்க வைக்கும். இந்த வலி வரைபடங்களை உட்கார்ந்து தொகுத்தவர் ஜேனட் ட்ராவல், அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு மருத்துவராக இருந்தவர். அவரும் டேவிட் சைமன்ஸும் சேர்ந்து எழுதிய கையேட்டின் முதல் தொகுதி 1983ல் வந்தது. அதில் ரத்த ஓட்டமே நிற்கிற அளவுக்கு அழுத்திப் பிடிக்கிற முறை இருந்தது, ஆனால் 1999ல் வந்த திருத்திய பதிப்பில் அது தேவையில்லை, விரலுக்குத் தடை தட்டுப்படும் வரை மெதுவாக அழுத்தி, அது இளகும்வரை காத்திருந்தால் போதும் என்று மாற்றிவிட்டார்கள். இந்தப் புள்ளிகள் உண்மையில் என்ன என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை, அது வேறு விஷயம். இந்த முறையை உருவாக்கியவர்களே கைவிட்ட முரட்டு அழுத்தத்தைத்தான் அவர்கள் துறையின் பெயரைச் சொல்லி என் முதுகில் போட்டார்கள்.

இன்னொன்று. வலி தெரிகிற இடம் ஒன்று, வலி பிறக்கிற இடம் வேறொன்று என்பதுதான் இந்தத் துறையின் அரிச்சுவடி. தோள்பட்டை எலும்பின் உள் ஓரத்தில் வலித்தால் முதலில் கழுத்தைப் பார்க்க வேண்டும். கழுத்தின் பக்கவாட்டில் இருக்கும் தசையிலிருந்தும் அங்கே வலி வரும், கழுத்தெலும்புகளுக்கு நடுவே வெளிவரும் நரம்பு நசுங்கினாலும் அங்கேதான் வலிக்கும். நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தையே மூன்று சிட்டிங்கும் போட்டு நசுக்கியவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது சிட்டிங்கில்தான் அது நடந்தது. மல்லாக்கப் படுக்க வைத்து, தலையை இடப்பக்கம் திருப்பிச் சாய்த்து, கழுத்தின் வலப்பக்கம் கட்டைவிரலை உள்ளே செலுத்தினார். அந்த இடத்தில் கைக்குப் போகும் நரம்புக் கற்றை தசைகளுக்கு நடுவே ஓடுகிறது, கொஞ்சம் முன்னால் வந்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய். தோளிலிருந்து விரல்வரை கரண்ட் அடித்தது போல் சுரீரென்று ஓடியது. "நிறுத்துங்க" என்றேன். "இன்னும் முப்பதே செகண்ட் மேடம், இப்பதான் ரிலீஸ் ஆகுது, மூச்சை விடுங்க" என்றார். "நிறுத்துங்க, கை மரக்குது" என்றேன். எடுக்கவில்லை. அவர் கையை நானே பிடித்துத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் அறியாமை என்று மன்னித்துவிடுவேன். அந்த முப்பது செகண்டை மன்னிக்கவே மாட்டேன். உடம்பு என்னுடையது, நிறுத்தச் சொன்னது நான்.

அன்று சாயங்காலம் நடுவிரல் நுனி மரத்திருந்தது. ஆட்காட்டி விரலிலும் கொஞ்சம். மறுநாள் காலையில் ஆபீஸ் கண்ணாடிக் கதவை எப்போதும்போல வலது கையால் தள்ளினேன், கதவு நகரவில்லை, என் முழங்கைதான் மடங்கிக்கொண்டது. இன்னொரு தடவை தள்ளினேன், அப்படியேதான். அங்கேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் கதவைத் திறந்துவிட்டார்.

மசாஜ் செய்தவருக்கு போன் செய்து சொன்னேன். "அது ஹீலிங் ரியாக்‌ஷன், அடுத்த சிட்டிங்ல சரியாகிடும்" என்றார். முன்பணமாகக் கட்டிய மீதி ஏழு சிட்டிங்கைத் திருப்பிக் கேட்டதற்கு, பேக்கேஜுக்குப் பணம் திருப்பித் தருவதில்லை, வேண்டுமானால் வீட்டில் வேறு யாருக்காவது பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று பதில். யாரை அனுப்புவேன் அங்கே?

டாக்டரைப் பார்த்தேன், அவர் பரிசோதித்துவிட்டு பிசியோதெரபிஸ்டிடமும் அனுப்பினார். அந்தம்மா என்னைத் தொடுவதற்கு முன்னால் இருபது நிமிஷம் கேள்வி மட்டுமே கேட்டார். ராத்திரி வலி எப்படி, இருமினால் அதிகமாகிறதா, எந்த விரல், மருந்து என்ன, எடை குறைந்ததா, நடையில் தடுமாற்றம் உண்டா. அப்புறம், "கையைத் தூக்கித் தலைமேல வச்சா வலி குறையுதா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் யாரிடமும் சொல்லாத விஷயம். அப்படிக் குறைந்தால் கழுத்து நரம்பைச் சந்தேகிக்க வேண்டும் என்பது அவர்களுக்குப் பழகிப்போன அடையாளமாம். சின்ன ரப்பர் சுத்தியலை எடுத்து முழங்கைக்குப் பின்னால் தட்டினார். இடது கை துள்ளியது. வலது கை சும்மா கிடந்தது. மறுபடி தட்டினார், சும்மாதான் கிடந்தது. நடுவிரல் மரப்பதும், கதவைத் தள்ளுகிற தசை பலம் இழப்பதும், இந்தத் துள்ளல் போவதும் ஒரே நரம்பின் வேலை, கழுத்தில் ஏழாவது நரம்பு என்று விளக்கினார். காசு செலவில்லாத, ஐந்து நிமிஷம் கூட ஆகாத சோதனை.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நரம்பு நசுங்கியது அந்த மசாஜ் செய்தவரால்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. என் ராத்திரி வலியைப் பார்த்தால் அது முன்பே தொடங்கியிருக்கலாம் என்று டாக்டரும் சொன்னார். ஆனால் நாலு கேள்வி கேட்டிருந்தால் அந்தக் கழுத்தை அப்படித் திருப்பி அழுத்தியிருக்க மாட்டார்கள். இந்த மாதிரி நரம்புப் பிரச்சினை பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே வாரங்களிலோ மாதங்களிலோ குறைந்துவிடும், எனக்கும் குறைந்தது. கதவை இப்போது தள்ள முடிகிறது. நடுவிரல் நுனி மட்டும் இன்னும் துணி சுற்றினாற்போல் இருக்கிறது.

கை ஓரளவு தேறியதும் அதே பிசியோதெரபிஸ்ட் எனக்கு ட்ரிக்கர் பாயின்ட் சிகிச்சையும் செய்தார். தோள்மேட்டுத் தசையை இரண்டு விரலால் கிள்ளுவது போல் பிடித்து, மெல்ல அழுத்தி, "வலி பத்துக்கு எவ்வளவு?" என்றார். ஆறு என்றேன். அங்கேயே நின்றார், ஏற்றவில்லை. நெற்றிப்பொட்டில் லேசாக வலி வந்தது, சொன்னேன், தலையாட்டினார். கொஞ்ச நேரத்தில் ஐந்து, அப்புறம் மூன்று. அவர் விரலுக்கடியில் அந்த இறுக்கம் இளகுவது எனக்கே தெரிந்தது. ஒன்றரை நிமிஷம் ஆகியிருக்காது. கன்றவில்லை, பல்லைக் கடிக்கவில்லை. இப்படியும் செய்வார்கள் என்று தெரியாததால்தான் முதல் ஆளிடம் படுத்திருந்தேன்.

போகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது, ஒரு கால் மட்டும் கெண்டைக்கால் வீங்கி, சூடாக, சிவந்து வலித்தால் அதை மசாஜுக்குக் காட்டவே காட்டாதீர்கள், உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் அது பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போய்விடலாம், உயிருக்கே ஆபத்து. கடுமையான மசாஜுக்குப் பிறகு தசை தாங்க முடியாமல் வலித்து, சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போனால் உடனே ஆஸ்பத்திரி, ஏனென்றால் நசுங்கிய தசையிலிருந்து வெளியேறும் பொருள் சிறுநீரகத்தைக் கெடுக்கும், அரிதுதான் என்றாலும் நடந்திருக்கிறது. ட்ரிக்கர் பாயின்டுக்கு ஊசி போடுகிறேன் என்று தோள்மேட்டிலோ நெஞ்சிலோ குத்த வந்தால் அவர் என்ன படித்திருக்கிறார் என்று கேளுங்கள், அந்த இடத்தில் நுரையீரலின் நுனி ரொம்பத் தள்ளி இல்லை. மரத்துப்போவது, பலம் குறைவது, காய்ச்சலோடு வலி, எலும்புத் தேய்மானம், இதில் எது இருந்தாலும் முதலில் டாக்டர். பத்து சிட்டிங்குக்கு முன்பணம் கேட்டால் ஒன்றுக்கு மட்டும் கொடுங்கள். நிறுத்துங்கள் என்று சும்மா ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், கை உடனே எழுகிறதா என்று தெரிந்துவிடும்.

முதலில் சொன்ன தெரிந்தவரிடம் நேற்றுப் பேசினேன். பணம் கட்டும்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று யாராவது கேட்டார்களா என்றேன். இல்லை என்றார். ரத்தம் உறையாமலிருக்க இரண்டு வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறவர் அவர். முழங்கையை வைத்து அழுத்தினால் உள்ளுக்குள் எவ்வளவு ரத்தம் கசியும் என்று சொன்னதும் போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. முதல் சிட்டிங் திங்கட்கிழமையாம். போகவேண்டாம், முதலில் டாக்டரிடம் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.