பழைய ஃபிளாட்டை விற்கும் முன்: அப்படியே கொடுப்பதா, பழுது பார்ப்பதா, முழுசாகப் புதுப்பிப்பதா?

சென்னையில் 1990களில் கட்டிய ஃபிளாட்டை விற்க இறங்கினால் உள்வேலை பற்றி மூன்று யோசனைகள் வரும். இருக்கிறபடியே தள்ளிவிடுங்கள் என்பார் புரோக்கர். டைல்ஸ், கிச்சன் எல்லாம் புதுசாகப் போட்டு விலையை ஏற்றிச் சொல்லுங்கள் என்பார் இன்டீரியர் வேலை செய்பவர். பழுதை மட்டும் சரிசெய்து பெயின்ட் அடித்துக் கொடுத்தால் போதும் என்பார் பக்கத்து வீட்டு மாமா. மேற்கு மாம்பலத்தில் பெற்றோர் குடியிருந்த மேல்மாடி ஃபிளாட்டை விற்றபோது நானும் தங்கையும் மாமா சொன்ன வழியில்தான் போனோம். இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன். எந்தப் பழுதுக்கு முதலில் பணம் போக வேண்டும் என்பதுதான் யோசிக்க வேண்டிய இடம்.

முழுசாகப் புதுப்பிப்பதை நான் செய்து பார்த்ததில்லை. எங்கள் கட்டடத்திலேயே இன்னொருவர் செய்ததைப் பார்த்தேன், அவ்வளவுதான். பழைய ஃபிளாட்டுக்கு விலையைத் தீர்மானிப்பது இடமும், கட்டடம் நிற்கும் மனையில் ஃபிளாட்டோடு சேர்ந்து வரும் பிரிக்கப்படாத பங்கும். மாடுலர் கிச்சனுக்கு லட்சங்களில் செலவாகும். வாங்குபவர் வீட்டம்மாவுக்கு அந்த நிறம் பிடிக்காவிட்டால் அதற்கு அவர் ஒரு ரூபாய்கூட ஏற்றித் தர மாட்டார். மொசைக் தரை மேல் விட்ரிஃபைட் டைல்ஸ் ஒட்டுவதும் அப்படித்தான். தரை மட்டம் உயரும், எல்லாக் கதவுக்கும் அடியில் அறுக்க வேண்டும், பாத்ரூம் வாசல் படி சரியாக வராது. அந்தக் காசில் சிறு பங்கு செலவழித்து மொசைக்கை மெஷின் வைத்துத் தேய்த்து பாலிஷ் போட்டால் தரை பளபளக்கும். குடும்பமே இன்னும் சில வருடம் இருந்து அனுபவிக்கப் போகிறது என்றால் புதுப்பிக்கலாம். விற்பதற்காக மட்டும் வேண்டாம்.

அப்படியே விற்பது பார்க்க லாபம் போலத் தெரியும். வாங்குபவர் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக்கடனுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு. 70 லட்சம் ஃபிளாட் என்றால் கடன் 56 லட்சம். மீதி 14 லட்சம் கையிலிருந்து. முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் சேர்ந்தால் இன்னொரு 6.3 லட்சம், அதற்கும் கடன் கிடைக்காது. இருபது லட்சத்தைப் புரட்டிவிட்டு வருகிற மனிதர், கூரையில் ஈரத் திட்டைப் பார்த்தால் என்ன நினைப்பார்? சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று அவருக்குத் தெரியாது, கையில் காசும் மிச்சம் இருக்காது. அதனால் பயத்துக்கும் சேர்த்துக் கழிப்பார். ஐம்பதாயிரத்தில் முடிகிற வேலைக்கு இரண்டு மூன்று லட்சம் குறைத்துக் கேட்பது சகஜம்.

எனவே எல்லாவற்றுக்கும் முன்னால் ஓதம், அதாவது சுவரிலும் கூரையிலும் ஊறி நிற்கும் ஈரம். இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. பெயின்டரைக் கூப்பிட்டால், சுரண்டி, பட்டி பார்த்து, ரெண்டு கோட் அடித்துவிடலாம் என்றுதான் சொல்வார். அவர் வேலை அது. ஆனால் எமல்ஷன் பெயின்ட் சுவர் மேல் ஒரு படலமாக நிற்பது. உள்ளே ஈரம் இருந்தால் அது வெளியே வரத் துடிக்கும், படலம் குமிழ்விட்டு உரியும். ஈரத்தோடு செங்கல்லிலும் பூச்சிலும் இருக்கிற உப்பும் கரைந்து வந்து வெள்ளையாகப் பூக்கும். முன்பணம் வாங்கி, வங்கிக் கடன் வந்து, பத்திரம் பதிவாகும் வரைக்கும்கூட அந்தப் பெயின்ட் தாங்காமல் போகலாம். நடுவில் வங்கியின் மதிப்பீட்டாளர் வேறு வந்து பார்ப்பார். பழைய கட்டடம் என்றால் அவர் கண் முதலில் போவது கூரைக்கும் பாத்ரூம் சுவருக்கும்தான்.

சட்டமும் சேர்ந்து நிற்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவு: வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அவர் சொல்லியாக வேண்டும். கசிவு இருப்பது தெரிந்தும் மேலே பட்டி பூசி மறைப்பது இதற்குள் வந்துவிடும். சட்டத்தை விடுங்கள், இன்னொரு குடும்பம் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்குகிற வீடு. அதில் ஏமாற்றுவேலை செய்ய மனசு எப்படி வரும்?

மேல்மாடியில் ஈரம் பெரும்பாலும் மொட்டைமாடியிலிருந்துதான் இறங்கும். பழைய கட்டடங்களில் கான்கிரீட் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, அதன் மேல் தட்டையான ஓடு பதித்திருப்பார்கள். ஓட்டின் இணைப்பு விட்டுப்போன இடம், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய் – இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். எங்கள் வீட்டில் குழாய் வாய்தான். மொட்டைமாடி எல்லோருக்கும் பொது என்பதால் சங்கச் செயலாளரை மேலே அழைத்துக் காட்டிப் பேசினால் பொதுச் செலவில் முடிக்க வழி பிறக்கும். நடு மாடிகளில் பாத்ரூம் கூரையில் ஈரம் என்றால் மேல் வீட்டு பாத்ரூம் தரையில் தண்ணீர் வடியும் நகானி டிராப்பையோ டைல்ஸ் இணைப்பையோ சந்தேகிக்கலாம். அவர்கள் வீட்டில் வேலை நடந்தால்தான் உங்கள் கூரை காயும். அந்தப் பேச்சுவார்த்தையைச் சீக்கிரம் ஆரம்பிப்பது நல்லது.

ஊற்றை அடைத்த பிறகு சுவரைக் காயவிட வேண்டும். ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்த்தால், உள்பக்கம் நீர்த்துளி கோத்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். பூச்சு பொருமிய இடத்தைத் தட்டிப் பார்த்தால் உள்ளே காலியாக இருப்பது போலச் சத்தம் வரும். அதைச் செங்கல் வரை கொத்தி எடுத்துப் புதுசாகப் பூச வேண்டும். புதுப் பூச்சுக்கு ஏறக்குறைய 28 நாள் விட்டுத்தான் பிரைமர், பட்டி, பெயின்ட். கூரையில் கம்பி வெளியே தெரிந்தால் இன்னும் கவனம் தேவை. துருப்பிடித்த கம்பி உப்பிக் கான்கிரீட்டைப் பிளக்கும். துருவைச் சுத்தமாக எடுத்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, அதற்குரிய கலவையால் மூட வேண்டும். பரவலாக இருந்தால் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள், கொத்தனாரோடு நிறுத்தாதீர்கள்.

இதற்கெல்லாம் காலமும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கே ஒழுகுகிறது என்று வீடே காட்டிக்கொடுக்கும். மழை ஓய்ந்த மார்கழியில் யாரும் வீடு பார்க்க வரமாட்டார்கள், வேலைக்கு அது தோது. தை, மாசியில் ஆள் வந்து பார்க்கும்போது சுவர் காய்ந்திருக்கும்.

மற்ற டச்-அப் எல்லாம் கை வேலைதான். சொட்டும் குழாய், மழையில் உப்பி உரசும் கதவு, ஆடும் ஸ்விட்ச், கீல் தொங்கும் பரண் கதவு, பூஜை அறைச் சுவரின் எண்ணெய்ப் பிசுக்கு, ஆணி ஓட்டைகள். வருகிறவர்கள் ஒவ்வொரு ஸ்விட்சையும் போட்டுப் பார்ப்பார்கள், ஒவ்வொரு குழாயையும் திறப்பார்கள். பெயின்ட்டில் ஒன்று சொல்ல வேண்டும்: பழைய நிறம் வெளுத்திருக்கும், அதனால் அதே எண் நிறத்தை வாங்கித் திட்டுத் திட்டாகத் தொட்டால் ஒட்டுப் போட்டது போலத் தெரியும். மூலைக்கு மூலை முழுச் சுவரும் அடியுங்கள். விலை உயர்ந்த ரகம் தேவையில்லை, சாதாரண எமல்ஷனில் வெளிர் நிறம் போதும். தேக்குக் கதவு இருந்தால் அதன் மேல் பெயின்ட் ஏற்றாமல் பாலிஷ் மட்டும் கொடுங்கள்.

வேலைக்கான ரசீதுகளையும் முன்பின் படங்களையும் ஒரு ஃபைலில் போட்டு, வந்தவர்களிடம் இங்கே ஒழுகியது, இப்படிச் சரிசெய்தோம் என்று நாங்களே காட்டினோம். அதன் பிறகு கூரையைப் பற்றி யாரும் பேரம் பேசவில்லை. வருமான வரிக் கணக்குக்கும் ரசீது வேண்டும், ஆனால் பெயின்ட், சில்லறைப் பழுது போன்றவற்றை மூலதன ஆதாயத்தில், அதாவது வீட்டை விற்றுக் கிடைக்கும் லாபத்தில், பொதுவாகக் கழிக்க முடியாது. நிரந்தரமான மேம்பாட்டுச் செலவுக்குத்தான் அது பொருந்தும். ஆடிட்டரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியே விற்பதுதான் சரி என்று நானே சொல்லும் ஓர் இடம் உண்டு. கட்டடத்தை இடித்துக் கட்டப் பேச்சு நடந்தால் உள்ளே எதற்கும் செலவழிக்க வேண்டாம். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022 வந்த பிறகு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்கு வழி இருக்கிறது. அந்த நிலையில் வாங்க வருபவர் பார்ப்பது மனைப் பங்கின் சதுர அடியை மட்டுமே. தனி வீடு விற்பதில் எனக்கு அனுபவம் கிடையாது. அங்கே தரையிலிருந்து சுவரில் ஏறும் ஓதம் வேறு ரகம், அதற்கு வைத்தியமும் வேறு.